லெதர் சோபா: வாங்கும் முன்பும் விற்கும் முன்பும்

நமது சங்கத்தில் பர்னிச்சர் கடை நடத்தும் உறுப்பினர்கள் சிலர், லெதர் சோபா செட் கொள்முதல் செய்யும்போது எதைப் பார்த்து வாங்குவது, வாடிக்கையாளரிடம் எதைச் சொல்லி விற்பது என்று என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. பெரியமேட்டில் சோபாவுக்கான தோல், ரெக்சின், ஃபோம் ஆகியவற்றை மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். தோல் பதனிடுவதைக் கல்லூரியில் படித்தவன் அல்ல நான். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். கையால் தடவிப் பார்த்தும், கத்தரியால் வெட்டிப் பார்த்தும், நஷ்டப்பட்டும் தெரிந்து கொண்டவைதான் எல்லாம்.

நஷ்டப்பட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சப்ளையர் கடைக்கு வந்து, "இத்தாலியன் லெதர், ரோல் ரோலாக இருக்கிறது, மீட்டர் கணக்கில் தருகிறேன்" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் விழித்துக் கொண்டிருக்க வேண்டும். மாடு ரோலாகப் பிறப்பதில்லை. அசல் தோல் என்றால் கழுத்தும் வயிறும் காலுமாகக் கோணல் மாணலாக இருக்கும், சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசப்படும். ரோலாகவும் மீட்டராகவும் வருவது எதுவும் முழுத் தோல் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கையில் பிடித்தால் தோல் மாதிரியே இருந்தது, வாசனையும் தோல் வாசனை, விலையோ பாதிக்கும் கீழே. விலை படிந்துவிட்டதால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் வாங்கி அடுக்கினேன். விற்றது போக மீதம் ஒரு வருடத்துக்கு மேல் தகரக் கொட்டகை குடோனில் கிடந்தது.

அதில் சில ரோல்களைத் தூத்துக்குடியில் உள்ள ஒரு கடைக்காரருக்கு அனுப்பினேன். அவர் சோபா தைத்து விற்றார். ஒரு செட்டை ஒருவர் தன் மகளின் கல்யாணச் சீராக வாங்கிப் போனார். இருபது மாதம்கூட ஆகவில்லை. உட்காரும் இடத்தில் மேல்பூச்சு சிறு சிறு செதிலாக உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர்களின் வேட்டியிலும் சேலையிலும் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் சோபாவை மினி வேனில் ஏற்றிக் கொண்டு வந்து, ஆடித் தள்ளுபடி நேரத்தில், சனிக்கிழமை மாலையில், கடை வாசலில் இறக்கி வைத்தார். "தோல்னு சொல்லித்தானே அண்ணாச்சி குடுத்தீங்க, மாட்டுத்தோல் எங்கயாவது பேப்பர் மாதிரி உரியுமா?" என்று அவர் கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. அவர் எனக்குப் போன் செய்தபோது என்னிடமும் பதில் இல்லை. சோபா கெட்டதைக்கூட அந்தத் தகப்பனார் பொறுத்திருப்பார். சம்பந்தி வீட்டில், "பெண் வீட்டார் போலிச் சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்" என்று பேச்சு வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

அடுத்த சில மாதங்களில் இன்னும் நான்கு செட்டுகள் திரும்பி வந்தன. மறுபடி தோல் போட்டுத் தைத்துக் கொடுத்த செலவில் பாதி என்னுடையது, பாதி அந்தக் கடைக்காரருடையது. சப்ளையர் போனை எடுக்கவே இல்லை. மீதி ரோல்களை நான் விற்கவில்லை.

அந்தச் சரக்கின் பெயர் பாண்டட் லெதர். தோல் தொழிற்சாலைகளில் சீவிய தூளையும் வெட்டிய துண்டுகளையும் அரைத்து, பசையோடு சேர்த்து, தாள் மாதிரி தகடாக்கி, மேலே பாலியுரித்தேன் படலம் ஒன்றை ஒட்டி, தோலின் ரேகையை அச்சாக அழுத்தி விடுவார்கள். அதில் தோல் இருக்கிறது என்பது பொய்யல்ல. ரவை அரைத்த மாவில் கோதுமை இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் தோலுக்குப் பலம் கொடுப்பது அதன் நார்களின் பின்னல். அரைத்த பின் அந்தப் பின்னல் போய்விடுகிறது. பசை எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள்தான் சரக்கும் தாங்கும்.

இப்போது சந்தையில் "லெதர்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை சரக்கு ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

மாட்டுத் தோல் தடிமனானது. சோபாவுக்கு ஏற்ற 0.9 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவர அதைக் கிடைமட்டமாகப் பிளப்பார்கள். மேல் அடுக்கில்தான் ரோமம் இருந்த பக்கம், அதாவது கிரெயின், இருக்கிறது. நார் நெருக்கமாகப் பின்னியிருப்பதும் அங்கேதான். கீழ் அடுக்குக்கு ஸ்பிலிட் என்று பெயர். மேல் அடுக்கைத் தேய்க்காமல் அப்படியே பயன்படுத்தினால் ஃபுல் கிரெயின். உண்ணிக் கடி, கருவேல முள் கீறல், சூடு போட்ட தழும்பு ஆகியவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நீக்கி, மேலே வண்ணம் பூசி, ரேகை அச்சிட்டால் கரெக்டட் கிரெயின். கீழ் அடுக்கான ஸ்பிலிட்டின் மேல் தடித்த படலம் ஒட்டி விற்பதும் உண்டு. அதுவும் தோல்தான், ஆனால் இழுவைக்கும் மடிப்புக்கும் மேல் அடுக்கு மாதிரி தாங்காது. மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை வெறும் "தோல்" என்று சொல்லக்கூடாது, "பூச்சுத் தோல்" என்றே சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளில் உள்ள தர வரையறை. நம் கடைகளில் இதை யாரும் அளப்பதில்லை.

இதற்கு அப்பால் இருப்பது தோலே அல்ல. பி.வி.சி. பூசிய துணியை நாம் ரெக்சின் என்கிறோம். ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன்னுடைய செயற்கைத் தோலுக்கு வைத்த பெயர். கம்பெனி பெயர் நம் நாட்டில் சரக்கின் பெயராகவே நின்றுவிட்டது. பி.யு. என்பது பாலியுரித்தேன் பூசிய துணி. ரெக்சினைவிட மென்மையாக, தோலுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். லெதரைட், ஃபாக்ஸ் லெதர், வீகன் லெதர் என்று இப்போது வரும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். ரெக்சினும் பி.யு.வும் கேவலமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவைதான். டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கும், சலூனுக்கும், கல்யாண மண்டபத்துக்கும் நல்ல ரெக்சினைவிடப் பொருத்தமானது வேறில்லை. அதை அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

பி.யு. வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். காற்றில் உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து மலிவான பி.யு. படலத்தின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கின்றன. யாரும் உட்காராவிட்டாலும் இது நடக்கும். குடோனில் சுருட்டி வைத்த ரோலிலும் நடக்கும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரம் நடக்கும். என்னுடைய ரோல்கள் தகரக் கொட்டகையில் ஒரு வருடம் வெந்ததும் அந்தச் சோபா சீக்கிரம் உரிந்ததற்கு ஒரு காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. ஆகவே பி.யு.வில் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்குவது லாபமல்ல. ரோல் எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் 70 டிகிரி சூட்டிலும் 95 சதவீத ஈரத்திலும் வாரக் கணக்கில் வைத்துச் சோதித்த அறிக்கை வைத்திருப்பார்கள். இதற்கு ஜங்கிள் டெஸ்ட் என்று பெயர். எத்தனை வாரம் தாங்கியது என்று கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட் வகை பி.யு. ஈரத்தை அதிகம் தாங்கும், விலையும் அதிகம். ரெக்சினுக்கு இந்த ஈரத் தொல்லை இல்லை. அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருடங்கள் ஆக ஆக வெளியேறி, அது விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

அசல் தோலா என்று கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு சோதனை சொல்வார்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பது என்பது விற்பனைக்கு இருக்கும் சாமானில் செய்யக்கூடிய காரியமா? தவிர, பூச்சு உள்ள அசல் தோலும் கருகும். வாசனையை நம்ப வேண்டாம், தோல் வாசனை இப்போது பாட்டிலில் கிடைக்கிறது. தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பதும் அசலா போலியா என்பதைச் சொல்லாது. அது மேல்பூச்சு எப்படிப்பட்டது என்பதைத்தான் சொல்லும். நான் செய்வது இதுதான். சீட் குஷனின் ஜிப்பைத் திறந்து, உள்பக்கத்தையும் வெட்டிய ஓரத்தையும் பார்க்கிறேன். பின்புறம் நூல் நெய்த துணியோ பின்னலாடைத் துணியோ தெரிந்தால் தோல் அல்ல. தோலின் பின்புறம் மெல்லிய பஞ்சு மாதிரி நார் நாராக இருக்கும், நகத்தால் கீறினாலும் தூள் கொட்டாது. பாண்டட் லெதரில் இதற்கும் ஏமாற்று உண்டு, பின்புறம் தோல் தூளைத் தூவி வைத்திருப்பார்கள். அப்போது ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கிக் கிழித்துப் பாருங்கள். அட்டை கிழிகிற மாதிரி கிழிந்தால் பாண்டட். அசல் தோலைக் கையால் கிழிப்பது சுலபமல்ல. மாதிரித் துண்டு தர மறுக்கும் சப்ளையரிடம் வாங்காமல் வருவதே நல்லது.

இன்னொரு சோதனைக்குச் சோபாவைத் தொடவே வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். மூன்று பேர் உட்காரும் சோபாவை முழுவதும் தோலால் மூட, வெட்டுக் கழிவையும் சேர்த்துச் சுமார் 200 முதல் 250 சதுர அடி தோல் வேண்டும். ஐரோப்பிய மாட்டுத் தோல் ஒன்று 45, 50 சதுர அடி வரும் என்பதால் நான்கு, ஐந்து முழுத் தோல்கள். நம் நாட்டு மாட்டுத் தோல் அளவில் சிறியது, எண்ணிக்கை இன்னும் கூடும், ஒட்டுத் தையலும் கூடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் நம் மாநிலத்தில் இருந்தும், அங்கே அதிகம் தயாராவது காலணிக்கும் கைப்பைக்கும் உடைக்குமான தோல்தான். அன்றைய தேதியில் சோபாத் தோல் சதுர அடி என்ன விலை என்று பெரியமேட்டில் யாரிடமாவது விசாரியுங்கள். அதை 200-ஆல் பெருக்குங்கள். மரம், ஃபோம், கூலி எல்லாம் சேர்ந்த முழுச் சோபாவையும் அந்தத் தொகைக்குக் கீழே ஒருவர் தருகிறேன் என்றால், அது முழுத் தோல் சோபா அல்ல. இந்தக் கணக்கில் தப்பு வருவதை நான் இதுவரை பார்க்கவில்லை.

உட்காரும் இடமும் சாயும் இடமும் கை வைக்கும் இடமும் தோல், பக்கவாட்டும் முதுகும் அதே நிறத்தில் பி.யு. என்று செய்வது தொழிலில் வழக்கம். விலையைக் கட்டுக்குள் வைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்து செய்ய வேண்டும். வருடங்கள் போனால் தோல் ஒரு மாதிரியும் பி.யு. ஒரு மாதிரியும் நிறம் மாறும், அப்போது அவர் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் பலம் வேறு. முதுகுப் பகுதி நெருக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்ந்தது. சீட்டுக்கு முதுகுப் பகுதியைத்தான் வெட்ட வேண்டும். கழிவைக் குறைக்க ஆசைப்பட்டு வயிற்றுப் பகுதியைச் சீட்டில் போட்டால் ஒரே வருடத்தில் குளத்தில் அலை அடித்த மாதிரி தொங்கும். நல்ல தோலும் கொஞ்சம் இழுபட்டுச் சுருக்கம் விழத்தான் செய்யும். அதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் அது தோலின் குணம், பின்னால் சொன்னால் சாக்கு.

மேல்பூச்சு விஷயத்துக்கு வருவோம். உழைப்பை நிர்ணயிப்பதில் பாதி இதுதான். அனிலைன் என்பது சாயம் மட்டும் ஏற்றி, மேலே பூச்சு ஏதும் இல்லாமல் அல்லது மிக லேசாக விடுவது. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும், விலையும் உச்சம். ஆனால் தண்ணீர் பட்டாலும் எண்ணெய் பட்டாலும் உறிஞ்சிக் கறையாகும். பிக்மென்ட் என்பது நிறப்பொருளும் பாதுகாப்புப் படலமும் பூசியது. அவ்வளவு மென்மை இருக்காது, ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது செமி அனிலைன். மேற்படி தண்ணீர்ச் சொட்டு இங்கேதான் உதவும். சொட்டு விழுந்த இடம் கறுத்தால் அது அனிலைன் பக்கம், முத்தாக நின்றால் பிக்மென்ட் பக்கம்.

நம் ஊர் வீடுகளுக்கு நான் பிக்மென்ட் பூசியதைத்தான் சிபாரிசு செய்வேன். வெளிநாட்டுக் கேட்லாக்கைப் பார்த்து அனிலைன் கேட்டு வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் உண்டா?" என்பதுதான். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் மாதக் கணக்கில் ஒரே இடத்தில் ஊறினால், தலை சாய்க்கும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் பூச்சு பிசுபிசுத்து, பிறகு கழன்று வரும். மேல்நாட்டுக் கம்பெனி போட்டு அனுப்பும் பராமரிப்புச் சீட்டில் தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வரியும் இராது. ஒரு பூத்துவாலையைச் சாய்மானத்தில் போடச் சொல்லுங்கள். அழகு குறைகிறது என்பார்கள். எண்ணெய் ஏறிய லெதரைப் பார்த்த பிறகு போடுவார்கள்.

பூச்சின் பிடிப்பைப் பார்க்க, வெள்ளைத் துணியை ஈரமாக்கி மறைவான இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள். பிறகு அந்த இடத்தை விரலால் உட்பக்கமாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து நின்றுவிட்டால் பூச்சு விறைப்பானது, நாளை அங்கே வெடிக்கும். பெரிய அளவில் கொள்முதல் செய்பவர்கள் இதைக் கண்ணளவில் விட வேண்டியதில்லை. அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் தோலைப் பரிசோதித்து அறிக்கை வாங்கலாம். உரசலுக்கும் மடிப்புக்கும் சர்வதேச முறைகள் இருக்கின்றன.

வெளிர் நிறம் கேட்பவர்களிடம் ஒரு எச்சரிக்கை. புது ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் வெள்ளை, க்ரீம் நிறத் தோலில் ஏறிக் கொள்ளும், எடுப்பது கஷ்டம். இதற்கும் கடைக்காரர்தான் வசவு வாங்குகிறார்.

குஷனில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது டென்சிட்டி என்ற சொல்லில். டென்சிட்டி என்றால் கெட்டித்தன்மை என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை இருந்தால் 32 டென்சிட்டி, 40 கிலோ இருந்தால் 40. கெட்டியா மெத்தென்று இருக்கிறதா என்பது தனி விஷயம். எடை குறைந்த ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்க முடியும். கடையில் உட்கார்ந்து பார்த்தால் அது பிரமாதமாக இருக்கும், ஆறு மாதத்தில் குழி விழும். உட்காரும் சீட்டுக்கு 32-க்குக் குறையாமல், தினமும் பத்துப் பேர் உட்காரும் இடம் என்றால் 40 போட வேண்டும். சாய்மானத்துக்கு 23 முதல் 28 போதும், அங்கே மென்மைதான் தேவை.

சரிபார்ப்பது சுலபம். 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 5 அங்குல கனம் உள்ள சீட் ஃபோம் 32 டென்சிட்டி என்றால் சுமார் 1.5 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 1.9 கிலோ. 28 என்றால் 1.3 கிலோதான் வரும், 23 என்றால் 1.1 கிலோ. தராசில் வைத்தால் தெரிந்துவிடும். நான் இதைச் செய்யச் சொன்னபோது ஒரு கடைக்காரர், "மளிகைக் கடை மாதிரி சோபாவை நிறுக்கச் சொல்றீங்களே அண்ணாச்சி" என்று சிரித்தார். நிறுத்துப் பார்த்தார். 40 என்று பில் போட்டு வந்தது 28. இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. எடை கூட்டுவதற்குச் சுண்ணாம்புப் பொடி கலந்த ஃபோமும் வருகிறது. ஒரு துண்டைக் கையில் வைத்துக் கசக்குங்கள், பொடி உதிர்ந்தால் அதுதான். பிடித்து அழுத்தி விட்டால் உடனே எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் பார்த்து வாங்குங்கள்.

ஃபோமின் மேல் அப்படியே தோலைப் போர்த்தக் கூடாது. நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒன்று சுற்ற வேண்டும். தோல் சுருங்காமல் நிரம்பி நிற்பதற்கும், ஃபோமின் ஓரம் உறுத்தாமல் இருப்பதற்கும் அது தேவை. இதைவிட முக்கியம் காற்று வழி. துணி உறையில் காற்று தானாகப் போய்வரும். தோலிலும் ரெக்சினிலும் போகாது. ஆள் உட்கார்ந்ததும் உள்ளே அடைபட்ட காற்று தையல் வழியாகப் பீறிடும். உட்காரும்போது புஸ் என்று சத்தம் வருவது இதனால்தான். நாளாவட்டத்தில் தையல் விட்டுப் போகும். குஷனின் அடிப்பக்கத்தைத் துணியாலோ வலைத் துணியாலோ தைத்திருக்கிறார்களா, அல்லது காற்றுத் துளை வைத்திருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். அடியில் துணி தைப்பதை ஏமாற்று என்று சில வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு இந்தக் காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, மரக்கடைக்காரர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். சோபாவின் ஒரு மூலையை ஒரு சாண் உயரம் தூக்கினால் அடுத்த காலும் கூடவே எழ வேண்டும். எழாமல் முறுக்கினால் சட்டம் பலவீனம். அடித் துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்து, பேக்கிங் பெட்டிப் பலகையில் ஆணி அடித்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். ரப்பர் மரம் என்றால் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். சீட்டுக்கு அடியில் வளைவு ஸ்பிரிங்கா எலாஸ்டிக் பெல்ட்டா என்பதையும் பாருங்கள். பெல்ட் நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி நம் ஊரில் மட்டும் வரும். எந்த மிருகத்தின் தோல்? பசுத் தோலை வீட்டுக்குள் வைக்க விரும்பாத இந்துக் குடும்பங்கள் உண்டு. பன்றித் தோல் ஸ்பிலிட் சில இறக்குமதிச் சரக்கில் வருகிறது, அதை இஸ்லாமியச் சகோதரர்கள் தொடமாட்டார்கள். பூஜை அறைக்குப் பக்கத்தில் போடுகிறோம், எந்தத் தோலும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எருமைத் தோல் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒருவர் நம்பிக்கையோடு விளையாடக் கூடாது.

கடையில் வைத்திருக்கும்போது தோல் சோபாவைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். தூசி படாது என்று நினைத்துச் செய்கிறோம், ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் அடைபட்டு வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். பூத்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும், தோல் வறளும். துணி உறை போட்டால் போதும். பெட்ரோல், ஸ்பிரிட், ஷூ பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. பளபளப்பாக இருக்கட்டும் என்று கடைப் பையன்கள் காலையில் எண்ணெய் தடவித் துடைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக பில். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருளின் தரத்தையோ அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையோ பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஆகவே "லெதர் சோபா செட் 1" என்று ஒற்றை வரியில் பில் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். தூத்துக்குடி விவகாரத்துக்குப் பிறகு நானும் அந்தக் கடைக்காரரும் பேசி ஒரு வாசகம் வைத்துக் கொண்டோம். அவர் இப்போது இப்படி எழுதுகிறார்: "சீட், சாய்மானம், கைப்பிடி: மாட்டுத் தோல், மேல் அடுக்கு, பிக்மென்ட் பூச்சு. பக்கம், முதுகு: பி.யு. சீட் ஃபோம் 40, சாய்மானம் 28. சட்டம்: ரப்பர் மரம், மருந்து ஏற்றியது." உத்தரவாதத்தையும் சட்டத்துக்கு இத்தனை வருடம், ஃபோமுக்கு இத்தனை, மேல்தோலுக்கு இத்தனை என்று தனித்தனியாக எழுதுகிறார். எனக்கு வரும் சப்ளையர்களிடமும் இதே விவரத்தை அவர்கள் பில்லிலேயே எழுதித் தரச் சொல்கிறேன். இரண்டு பேர் அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆரம்பத்தில் இப்படிப் பில் போட்டதில் அவருக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. பி.யு. என்ற எழுத்தைப் பார்த்ததும் எதிர்க் கடைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் மூன்று வருடம் கழித்து, உரிந்த சோபாவுக்கு மறுபடி தோல் தைக்க முடியுமா என்று கேட்டுக் கொண்டு இவரிடம் வந்ததாகச் சொன்னார். தைத்துக் கொடுத்தாராம். பில்லில் முன்போலவே எல்லாம் எழுதித்தான்.

ஃபுல் கிரெயின், கரெக்டட், ஸ்பிலிட், பாண்டட், பி.யு., ரெக்சின் ஆறிலும் உள்ளங்கை அளவு துண்டுகள் வெட்டி, பெயர் எழுதி ஒரு வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். பாண்டட் துண்டு நான் விற்காமல் வைத்த அந்த ரோலிலிருந்து வெட்டியது. கடையில் மாட்டி வைத்து வாடிக்கையாளருக்குக் காட்ட விரும்பும் உறுப்பினர்கள், பெரியமேடு பக்கம் வரும்போது கேட்டு வாங்கிக் கொள்ளலாம். விலை கிடையாது.